தனி மரமும் தோப்பும்

ஒரு நாட்டின் செல்வம் எங்கிருந்து வருகிறது? எங்கள் பேராசிரியர் இந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம். அப்போது நான் இளங்கலைப் பொருளாதாரம் முதலாண்டு மாணவன். கரும்பலகையில் ஒரு நாட்டின் இல்லாமைகளை அவர் வரிசையாக எழுதினார். நிலக்கரி இல்லை. சொல்லிக்கொள்ளும்படி இரும்பு இல்லை. கடல் இல்லை. நிலத்தில் பெரும்பகுதி மலை. பரப்போ 41,285 சதுர கிலோமீட்டர்தான். இப்படிப்பட்ட சுவிட்சர்லாந்து உலகின் செல்வ நாடுகளின் முன்வரிசையில் நிற்பது எப்படி என்று கேட்டார்.

நான் எழுந்தேன். ஊரார் ஒளித்து வைத்த பணமெல்லாம் அங்கே இருக்கிறது, அது போதாதா என்று சொன்னேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னது விடையின் ஒரு துண்டு என்றும், அந்த வாரம்தான் அந்நாட்டின் பழம்பெரும் வங்கியான கிரெடிட் சுவிஸ் வீழ்ந்திருக்கிறது என்றும் சொன்னார். அந்த வங்கி பிறப்பதற்கு முன் அம்மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், அதைப் பெற்றெடுத்தவர் யார் என்று நூலகத்தில் படித்துவிட்டு ஒரு வாரத்தில் வந்து சொல்லும்படி பணித்தார்.

ஒரு வாரம் பல மாதங்களாயிற்று. இன்று நான் முதுகலை மாணவன். அன்று கொடுத்த துடுக்கான விடைக்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் தேடிப்போனது ஒரு வங்கியின் வரலாறு. கிடைத்ததோ ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் பெயர் ஆல்பிரட் எஷர்.

நொடித்த குடும்பத்தின் பேரன்

எஷர் 1819-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் சூரிச் நகரில் பிறந்தார். குடும்பம் நகரத்தின் பழைய குடும்பங்களுள் ஒன்று. ஆனால் பாட்டனார் வணிகத்தில் நொடித்துப்போய், தம்மை நம்பிப் பணம் கொடுத்த பல குடும்பங்களையும் தம்முடன் சேர்த்துக் கீழே இழுத்துவிட்டார். அந்த வடு எளிதில் மறையவில்லை. தந்தை ஹைன்ரிஷ் எஷர் வட அமெரிக்காவுக்குச் சென்று வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டித் திரும்பினார். சூரிச் ஏரிக்கரையில் பெல்வுவார் என்ற மாளிகையைக் கட்டினார். பணம் திரும்பி வந்தது. நகரத்துப் பெரிய மனிதர்களின் நெருக்கம் அவ்வளவு எளிதாகத் திரும்பி வரவில்லை. இந்தத் தனிமை அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் ஒரு வேகமாக மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். தந்தையின் உடன்பிறந்தவர் ஒருவர் கியூபாத் தீவில் காப்பித் தோட்டம் வைத்திருந்தார். அதில் எண்பதுக்கு மேற்பட்ட அடிமைகள் உழைத்தனர். ஆய்வாளர்கள் இச்செய்தியை அண்மைக் காலத்தில்தான் விரிவாக வெளிக்கொணர்ந்தனர். குடியேற்ற நாடு எதையும் ஆளாத நாடு என்ற பெருமை சுவிட்சர்லாந்துக்கு உண்டு. ஆயினும் அடிமை உழைப்பின் வியர்வை அதன் செல்வர் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. ஒருவர் வாழ்வைப் போற்றி எழுதுகிறவன் இதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

எஷர் சட்டம் பயின்று 1842-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1844-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், சூரிச் மாநிலப் பேரவைக்கு உறுப்பினரானார். நம்மில் பலர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வயது அது.

சுங்கச் சாவடிகளின் நாடு

அன்றைய சுவிட்சர்லாந்து இன்று நாம் நாட்காட்டிப் படங்களில் காணும் நாடன்று. கன்டன் எனப்படும் சிறு மாநிலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அரசாக நடந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நாணயம், தனி அளவை, தனிச் சுங்கம். ஒரு வண்டிச் சரக்கு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி போய்ச் சேருவதற்குள் எத்தனையோ சாவடிகளில் கப்பம் கட்ட வேண்டும். மலைப்புறத்து இளைஞர் பலர் பிழைப்புக்காக அயல்நாட்டு மன்னர்களிடம் கூலிப் படைவீரர்களாகச் சேர்ந்தனர். 1840-களில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தபோது பஞ்சம் வந்தது. கடல் கடந்து அமெரிக்கா சென்றவர்களும் பலர். சுருங்கச் சொன்னால், இன்று உலகமே வேலை தேடிப் போகும் நாடு, அன்று தன் பிள்ளைகளை வேலை தேடி வெளியே அனுப்பிய நாடு.

1847 நவம்பரில் கத்தோலிக்க மாநிலங்களுக்கும் ஏனைய மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. நல்வாய்ப்பாக அது ஒரு மாதத்துக்குள் முடிந்தது. உயிரிழந்தோர் ஏறத்தாழ நூறு பேர். அடுத்த ஆண்டே, 1848-இல், கூட்டாட்சி அரசியலமைப்பு பிறந்தது. உள்நாட்டுச் சுங்கங்கள் ஒழிந்தன. அஞ்சல் ஒன்றாயிற்று. 1850-இல் பிராங்க் என்னும் ஒரே நாணயம் சட்டமாயிற்று. அந்தப் புதிய நாடாளுமன்றத்தின் தேசிய அவைக்கு எஷர் இருபத்தொன்பதாம் வயதில் சென்றார். இறக்கும்வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள், அவர் அந்த அவையில் இருந்தார்.

புகைவண்டியும் பள்ளியும் வங்கியும்

எஷர் தம் நாட்டின் வரைபடத்தைப் பார்த்து அஞ்சினார். பிரான்சிலும் செர்மனியிலும் இருப்புப் பாதைகள் நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தன. சுவிட்சர்லாந்தில் 1847-இல் திறக்கப்பட்ட சூரிச்–பாடன் பாதை ஒன்றுதான் இருந்தது. அதன் நீளம் வெறும் 23 கிலோமீட்டர். ஐரோப்பாவின் பாதைகள் எல்லாம் நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விட்டால், நடுவில் நாம் ஒதுக்கப்பட்ட தீவாகிவிடுவோம் என்ற கருத்தை அவர் 1849-இல் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார்.

பாதையை அரசு போடுவதா, தனியார் போடுவதா என்ற பெரும் வழக்கு எழுந்தது. 1852-இல் தனியார் பக்கம் நின்ற எஷரின் அணி வென்றது. மறு ஆண்டே வடகிழக்கு இருப்புப் பாதை நிறுவனம் உருவாயிற்று. அதன் தலைமை எஷருக்கு. அதே சமயத்தில் சூரிச் மாநில அரசிலும் அவரே முதல்வர்களில் ஒருவர்.

பாதை போட வேண்டுமானால் பொறியாளர் வேண்டும். அயல்நாட்டுப் பொறியாளரையே எத்தனை காலம் நம்பியிருப்பது? 1855-இல் சூரிச்சில் கூட்டாட்சித் தொழில்நுட்பப் பள்ளி திறக்கப்பட்டது. அதை அமைக்கப் பாடுபட்டவர்களுள் எஷர் முதன்மையானவர். பின்னாளில் ஐன்ஸ்டைன் படித்ததும் அங்கேதான்.

பாதை போடப் பணமும் வேண்டும். பாரிசு நகரத்துப் பெரு முதலாளிகள் கொடுக்கக் காத்திருந்தனர். பணத்தோடு அதிகாரமும் வரும் என்பதை எஷர் அறிந்திருந்தார். எனவே 1856-இல் சுவிஸ் கடன் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பிற்காலத்து கிரெடிட் சுவிஸ் அதுவே. பொதுமக்களுக்கு 30 இலட்சம் பிராங்க் பெறுமான பங்குகளே விற்பனைக்கு வந்தன. மூன்றே நாட்களில் 21 கோடியே 80 இலட்சம் பிராங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. இந்த எண்ணைப் படித்த அன்று நான் நூலகத்தில் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஊரார் ஒளித்த பணம் என்று நான் ஏளனம் செய்த வங்கியின் தொடக்கம், பாதை போடுவதற்காகத் திரட்டிய பணம். வங்கி இரகசியச் சட்டம் வந்தது 1934-இல். நான் என் விடையில் எழுபத்தெட்டு ஆண்டுகளை விட்டுவிட்டிருந்தேன்.

1857-இல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று எஷரின் வங்கி அளித்த பொறுப்புறுதியோடு எழுந்தது. இன்றைய சுவிஸ் லைஃப் அதுதான். இப்போது ஒரு சங்கிலி தெரிகிறது அல்லவா? பாதைக்குப் பொறியாளர், பொறியாளருக்குப் பள்ளி, பாதைக்கு மூலதனம், மூலதனத்துக்கு வங்கி, நீண்ட காலச் சேமிப்புக்குக் காப்பீடு. மண்ணுக்கடியில் செல்வம் இல்லாத நாடு சேமிப்பையும் கல்வியையும் வழியையும் ஒன்றோடொன்று கோத்துத் தன் செல்வத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது. பொருளாதாரப் பாடநூல் இதை உள்கட்டமைப்பு, மனித மூலதனம், நிதி நிறுவனங்கள் என்று மூன்று அத்தியாயங்களில் சொல்லும். எஷர் ஏழெட்டு ஆண்டுகளில் செய்து காட்டினார்.

தனி மரம்

ஆனால் இச்சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் பிடித்திருந்தது ஒரே கை. நாடாளுமன்றத்தில் எஷர், மாநில அரசியலில் எஷர், இருப்புப் பாதையில் எஷர், வங்கியில் எஷர், பள்ளி நிருவாகத்தில் எஷர். சட்டம் இயற்றுபவரும், சட்டத்தால் ஆதாயம் பெறும் நிறுவனத்தின் தலைவரும் ஒருவரே என்றால் கேள்வி கேட்பவர் யார்? பெல்வுவார் மாளிகையின் வரவேற்பறையில் காத்திருந்தால்தான் காரியம் நடக்கும் என்ற பேச்சு ஊரில் பரவியது.

1860-களின் நடுவில் தொழில் மந்தமாயிற்று. உழவர்களுக்குக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. பெரிய வங்கி பெரிய தொழிலுக்கே கொடுத்தது. 1867-இல் சூரிச்சில் காலரா பரவி ஏழை எளியோரைக் கொண்டுபோயிற்று. மனக்குறைகள் ஒன்றுசேர்ந்து சனநாயக இயக்கமாக வெடித்தன. 1869-இல் சூரிச் மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்பு வந்தது. சட்டங்களை மக்களே வாக்களித்து ஏற்கவோ தள்ளவோ உரிமை பிறந்தது. 1870-இல் சிறு உழவருக்கும் கைத்தொழிலாளருக்கும் கடன் கொடுக்க மாநிலமே நடத்தும் சூரிச் கன்டன் வங்கி திறக்கப்பட்டது.

தனி மரம் தோப்பாகாது என்பது நம் ஊர்ப் பழமொழி. எஷர் நட்ட மரம் பெரிது. நிழலும் பெரிது. ஆனால் அந்த நிழலில் வேறு செடி முளைக்கவில்லை என்று கண்ட மக்கள், மரத்தை வெட்டாமல், பக்கத்தில் வேறு மரங்களை நட்டார்கள். சுவிட்சர்லாந்தின் பொருளாதார வலிமை எது என்று என்னை இன்று கேட்டால் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வேன். நட்டவரின் துணிவு ஒன்று. அவரைக் கேள்வி கேட்டவர்களின் விழிப்பு மற்றொன்று.

எதிர்த்தவர்கள் எல்லாம் சரியாகவே செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. எஷருக்குப் போட்டியாக வின்டர்தூர் நகரத்துச் சனநாயகவாதிகள் தேசிய இருப்புப் பாதை என்ற ஒன்றைத் தொடங்கினர். போதிய வருவாய் இல்லாமல் அது 1878-இல் நொடித்தது. அந்தக் கடனை வின்டர்தூர் நகரம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அடைத்துக்கொண்டிருந்தது. நல்ல நோக்கம் மட்டும் கணக்கை நேர் செய்துவிடாது.

மலையைக் குடைந்தவர்கள்

எஷரின் கடைசிப் பெரும்பணி கோத்தார்டு மலைக் குகைப்பாதை. ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் 15 கிலோமீட்டர் குடைந்து வட ஐரோப்பாவை இத்தாலியோடு இணைப்பது திட்டம். அந்நாளில் உலகில் அவ்வளவு நீளமான குகைப்பாதை வேறு கிடையாது. மொத்தச் செலவு 18 கோடியே 70 இலட்சம் பிராங்க் என்று மதிப்பிட்டனர். இத்தாலி 4½ கோடியும், செர்மனியும் சுவிட்சர்லாந்தும் 2 கோடி வீதமும் மானியமாகத் தர ஒப்புக்கொண்டன. மீதி பங்குகளாலும் கடன் பத்திரங்களாலும் திரட்டப்பட்டது. 1871-இல் நிறுவனம் அமைந்தது. தலைவர் எஷர்.

செனீவாவைச் சேர்ந்த லூயி ஃபாவ்ர் என்ற ஒப்பந்தக்காரர் எட்டே ஆண்டுகளில் முடிப்பதாக 1872-இல் கையொப்பமிட்டார். தாமதமானால் நாளொன்றுக்குத் தண்டத்தொகை. கோஷினென் என்ற ஊரிலிருந்து வடபுறமும், ஐரோலோ என்ற ஊரிலிருந்து தென்புறமும் ஒரே சமயத்தில் குடைந்தனர். அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் துளைக்கருவி, பாறையைப் பிளக்க டைனமைட். உள்ளே வெப்பம் 30 பாகைக்கு மேல்.

இந்தக் கதையை நான் விடுமுறையில் வீட்டில் சொன்னேன். என் அப்பா இருப்புப் பாதைப் பராமரிப்புத் தொழிலாளி. சுத்தியலும் கையுமாகத் தண்டவாளத்தோரம் நடந்தே ஆண்டுகளைக் கழித்தவர். எத்தனை கோடி, எத்தனை கிலோமீட்டர் என்று நான் அடுக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, உள்ளே எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டார். என் குறிப்பேட்டில் அந்த எண் இல்லை. பிராங்குக் கணக்கு இருந்தது. ஆள் கணக்கு இல்லை. அன்றிரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மீண்டும் நூலகம் சென்றேன். பதிவில் உள்ள சாவுகள் 199. பாறை விழுந்தும், வெடியில் சிக்கியும், வண்டியில் நசுங்கியும் இறந்தவர்கள் இவர்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து கூலிக்கு வந்த இளைஞர்கள். குகைக்குள் கழிப்பிட வசதி இல்லாததால் கொக்கிப்புழு நோய் பரவி, இரத்தம் சுண்டி ஊர் திரும்பி மடிந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. 1875 சூலையில் கோஷினெனில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். படையினர் சுட்டதில் நால்வர் இறந்தனர். ஒப்பந்தக்காரர் ஃபாவ்ரும் தப்பவில்லை. 1879 சூலையில் குகைக்குள்ளேயே மயங்கி விழுந்து உயிர்விட்டார்.

1880 பிப்ரவரி 29-ஆம் நாள் இரு பக்கத்துத் தொழிலாளரும் நடுவில் சந்தித்தனர். 15 கிலோமீட்டர் குடைந்த பின்னும் இரு முனைகளுக்கும் இடையே விலகல் பக்கவாட்டில் 33 சென்டிமீட்டர்தான். துளை விழுந்ததும் அதன் வழியாக முதலில் அனுப்பப்பட்டது இறந்துபோன ஃபாவ்ரின் படம். அந்தத் தொழிலாளரின் நன்றியுணர்ச்சியை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

அழைப்பில்லாத விழா

அந்த விழாவுக்கு எஷர் அழைக்கப்படவில்லை. காரணம் பணம். 1876-இல் புதிய கணக்குப் பார்த்தபோது மதிப்பீட்டுக்கு மேல் இன்னும் 10 கோடியே 20 இலட்சம் பிராங்க் தேவை என்று தெரிந்தது. நாடெங்கும் கூச்சல். அதே வேளையில் பொருளாதார மந்தத்தால் வடகிழக்கு நிறுவனத்தின் பங்கு விலையும் சரிந்தது. திட்டத்தைச் சுருக்கிக் கூடுதல் தேவையை 4 கோடியாகக் குறைத்தனர். கூட்டாட்சி அரசும் மேலும் மானியம் தர வேண்டி வந்தது. ஆனால் பழியைச் சுமக்க ஒருவர் வேண்டுமல்லவா? 1878-இல் எஷர் கோத்தார்டு நிறுவனத்தின் தலைமையிலிருந்து விலகினார். 1879 சனவரியில் நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் அந்த மானியத்துக்குப் பெரும்பான்மையாக இசைவு தந்தனர். குகைப்பாதை பிழைத்தது. அதைத் தொடங்கியவர் பிழைக்கவில்லை.

1882-இல் பாதை திறக்கப்பட்டபோது அழைப்பு வந்தது. உடல் நலம் இடம் தரவில்லை. அவர் போகவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் பெல்வுவார் மாளிகையில் காலமானார். வயது அறுபத்து மூன்று. மனைவி 1864-இலேயே மறைந்துவிட்டார். எஞ்சிய ஒரே மகள் லிடியாதான் அந்தப் பெரிய வீட்டில் அவருக்குத் துணையாக இருந்தவர். அந்தப் பெண்ணின் வாழ்வும் துயரில் முடிந்தது. குடும்பச் சொத்தில் பெரும்பகுதியைக் கலைப் படைப்புகள் வாங்குவதற்கென்று 1890-இல் கூட்டாட்சி அரசிடம் அறக்கட்டளையாக ஒப்படைத்துவிட்டு, அடுத்த ஆண்டு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நாட்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் தந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் காப்பு இல்லாமற்போயிற்று.

இன்றைய தோப்பு

எஷர் எதிர்த்த ஒன்று அவர் மறைந்த பின் நடந்தது. 1898-இல் மக்கள் வாக்களித்து முக்கிய இருப்புப் பாதைகளை நாட்டுடைமையாக்கினர். 1909-இல் கோத்தார்டும் அரசிடம் வந்தது. தனியார் கை தொடங்கியதைப் பொதுக்கை ஏற்றுக்கொண்டது. 1992-இல் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்ற திட்டத்தின்படி அதே மலையின் அடிவாரத்தில் 57 கிலோமீட்டர் நீளப் புதிய குகைப்பாதை குடையப்பட்டு 2016 சூன் 1-ஆம் நாள் திறக்கப்பட்டது.

இன்று அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 90 இலட்சம். பாசல் நகரத்து மருந்துகள், சூரா மலைச்சாரலின் கைக்கடிகாரங்கள், துல்லியப் பொறிகள், உணவுப் பொருள்கள் ஆகியவை உலகெங்கும் போகின்றன. பள்ளி முடித்த இளைஞரில் பெரும்பான்மையோர் வாரத்தில் சில நாள் தொழிற்கூடத்திலும் சில நாள் வகுப்பிலும் பயின்று தேர்ச்சி பெறுகின்றனர். கைத்தொழில் கற்றவனுக்கு அங்கே பட்டதாரியின் முன் தலைகுனிவு இல்லை. அரசு வரவுக்கு மேல் செலவு செய்துகொண்டே போகக்கூடாது என்னும் விதியை 2001-இல் மக்களே வாக்களித்து அரசியலமைப்பில் சேர்த்தனர்.

அறைகூவல்களும் உண்டு. உலகில் எங்கே புயல் வீசினாலும் பணம் பிராங்கில் வந்து ஒதுங்குகிறது. பிராங்க் விலை ஏறினால் ஏற்றுமதி இடர்ப்படுகிறது. ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று மைய வங்கி கட்டிய அணை 2015 சனவரி 15-ஆம் நாள் கைவிடப்பட்டபோது தொழில்துறை கலங்கிற்று. 1992 டிசம்பரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர மறுத்து மக்கள் வாக்களித்தனர். அன்று முதல் தன்னைச் சூழ்ந்துள்ள பெருஞ்சந்தையோடு தனித்தனி ஒப்பந்தங்களாலேயே அந்நாடு உறவாடி வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சுவிஸ் பொருள்கள் மீது 39 விழுக்காடு வரி விதித்தது. அவ்வாண்டு நவம்பரில் அதை 15 ஆகக் குறைக்க உடன்பாடு கண்டனர். ஒதுக்கப்பட்ட தீவாகிவிடுவோமோ என்ற எஷரின் 1849-ஆம் ஆண்டு அச்சம் இன்னும் வேறு உருவில் உயிரோடு இருக்கிறது.

மக்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அயல்நாட்டுக் குடிமக்கள். அவர்களின் உழைப்பின்றி மருத்துவமனையோ கட்டுமானமோ நடவாது. ஆயினும் அவர்கள் எத்தனை பேர் வரலாம் என்ற வழக்கு வாக்கெடுப்புக்கு வாக்கெடுப்பு திரும்பத் திரும்ப வருகிறது. கோஷினெனில் சுடப்பட்ட இத்தாலியத் தொழிலாளியின் கேள்வியே இது.

எல்லாவற்றுக்கும் மேலாக வங்கி. எஷர் நிறுவிய வங்கி 2023 மார்ச் 19-ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, 300 கோடி பிராங்குக்குப் போட்டி வங்கியான யு.பி.எஸ். கைக்குப் போயிற்று. தொடர்ந்து வந்த ஊழல்களாலும் இழப்புகளாலும் அதன் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டிருந்தது. நம்பிக்கை போன வங்கியில் பணம் நிற்பதில்லை. இரண்டு பெரிய மரங்கள் ஒன்றாயின. அந்த ஒன்றின் இருப்புநிலைக் கணக்கு நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அது சாய்ந்தால் தாங்க யாரால் முடியும்? யு.பி.எஸ். வங்கியையே 2008-இல் அரசு தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1869-இல் சூரிச் மக்கள் கேட்ட கேள்வி மீண்டும் வந்து நிற்கிறது. ஒரே கையில் இவ்வளவு சேரலாமா?

இரண்டு நினைவுச் சின்னங்கள்

பேராசிரியரிடம் நான் கடைசியில் கொண்டுபோன விடை இதுதான். அந்நாட்டின் செல்வம் ஒளித்து வைத்த பணத்தில் தொடங்கவில்லை. இல்லாமையை உணர்ந்து, சேமிப்பையும் கல்வியையும் வழியையும் இணைத்ததில் தொடங்கிற்று. அது ஒரே இடத்தில் குவிந்தபோதெல்லாம் ஆட்டம் கண்டது. கேள்வி கேட்கும் உரிமை பரவியபோதெல்லாம் நிலைபெற்றது. அவர் கேட்டுவிட்டு, இதை நான் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாயா என்று மட்டும் கேட்டார்.

சூரிச் தலைமை நிலையத்தின் முன்னால் எஷரின் சிலை நிற்கிறது. ரிச்சர்டு கிஸ்லிங் வடித்தது. 1889-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து தெற்கே புறப்படும் பாதை மலையைக் கடந்து வெளிவரும் இடம் ஐரோலோ. அந்த நிலையத்தருகிலும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. விஞ்சென்சோ வேலா என்ற சிற்பி 1882-இல் உருவாக்கியது. 1932 முதல் வெண்கலத்தில் அங்கே நிற்கிறது. அதில் தலைவர் யாருமில்லை. இறந்த தோழனைத் தூக்கிச் செல்லும் தொழிலாளர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

ஒரு நாட்டின் பொருளாதாரத்தைப் படிப்பவன் இந்த இரண்டு நிலையங்களிலும் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் நிலையத்தை எனக்குக் காட்டியவர் என் பேராசிரியர். இரண்டாவதைக் காட்டியவர் என் அப்பா.

புதிய குகைப்பாதையைப் பற்றியும் அண்மையில் அவரிடம் சொன்னேன். இம்முறை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். 57 கிலோமீட்டர். இறந்தவர்கள் ஒன்பது பேர். பழையதைப் போல் நான்கு மடங்கு நீளம். சாவு இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்பா சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, அந்த ஒன்பது பேருக்கும் வீடு இருந்திருக்குமே என்றார்.